இன்னொரு கரைவழி நாடு

எங்கள் ஊரில் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் விலையைக் கேட்கும் முன்பு ஒன்று கேட்பார்கள்: "வாய்க்காலுக்குக் கீழயா, மேலயா?" கொமரலிங்கம் ராஜவாய்க்கால் வெறும் நீரோட்டம் அல்ல, அது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நெல், கரும்பு, தென்னை. மேலே மேட்டாங்காடு: சோளத்தட்டு, வேலமரம், வெயில். சின்ன வயதில் அந்தக் கரைமேல் நடக்கும்போது ஒரு கன்னத்தில் வயல்காற்றும் மறு கன்னத்தில் காட்டு அனலும் படும். மேற்கே நிற்கும் மலை மழையில் பெரும்பங்கைத் தானே வைத்துக்கொள்ளும். மிச்சத்தை அமராவதி கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. கொங்கு நாட்டை இருபத்துநான்கு நாடுகளாகப் பிரித்துப் பெயரிட்ட பழைய ஆட்கள், கொழுமமும் கடத்தூரும் எங்கள் ஊரும் அடங்கிய இந்தப் பக்கத்தைக் கரைவழி நாடு என்றார்கள். கரையே வழி, வழியே நாடு. இரண்டு சொல்லில் ஊரின் படத்தையே வரைந்துவிட்டார்கள்.

அந்தச் சொல்லின் முழு நயமும் எனக்குப் பிடிபட்டது ஊரில் இருந்தபோது அல்ல. எகிப்தின் தெற்கு ஓரத்தில், அஸ்வானில்.

கெய்ரோவில் இரவு ஏறிய ரயில் விடியற்காலையில் நைல் நதியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கரும்பு! எங்கள் ஊர்க் கரும்புதான். வெட்டிய தோகையைச் சுமந்துகொண்டு கழுதை போகிறது. கரும்புக்குப் பின்னால் பேரீச்சை வரிசை. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. பழுப்பு மணல்மேடு, அதற்கு மேல் வானம். பச்சை மெல்ல வெளுத்துப் பழுப்பாக மாறவில்லை. கத்தரியால் நறுக்கியதுபோல ஒரே இடத்தில் நின்றுபோகிறது. வாய்க்கால் முடிகிற இடத்தில் ஊரும் முடிந்துவிடுகிறது. பழைய எகிப்தியர் தம் நாட்டைக் 'கெமெத்' என்றார்களாம்; கறுப்பு மண் என்று பொருள். அதற்கு அப்பால் கிடப்பது 'தெஷ்ரெத்', செம்மண். கரிசல், செவல் என்று இரண்டே சொல்லில் உலகத்தைப் பிரித்துக்கொண்ட அந்த ஆள் நிச்சயம் குடியானவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

அஸ்வானில் அந்தக் கோடு இன்னும் இறுகிவிடுகிறது. கிழக்குக் கரையில் ஊர். மேற்குக் கரையில் மணல் சரிந்து வந்து ஆற்றிலேயே கால் நனைக்கிறது. அந்தச் சரிவின் உச்சியில் குப்பத் அல் ஹவா என்றொரு மேடு. காற்றின் குவிமாடம் என்று பொருள். அங்கே ஏறி நின்றால் நீலம், ஒரு விரல்கடைப் பச்சை, பிறகு முடிவில்லாத மணல். இந்த ஊரில் மழை என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூறிவிட்டுப் போகும் செய்தி மட்டுமே. அப்படிப்பட்ட வறட்சிக்கு நடுவில் ஊர் பதறாமல் உட்கார்ந்திருக்கிறது. படகுக்காரரிடம் நேரமாகிறதே என்று ஜாடை காட்டினேன். "ஷ்வய்யா, ஷ்வய்யா" என்றார். மெள்ள, மெள்ள. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "போலாங்க, ஆறு எங்கீங்க போயிரும்?" என்று சொன்ன அதே குரல்.

அந்தப் படகைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஃபெலுக்கா என்பது பெயர். பறவை ஒற்றைச் சிறகை உயர்த்தியதுபோல முக்கோணப் பாய். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆக, எதிரேற வேண்டுமா, பாயை விரித்தால் போதும். இறங்கிப் போக வேண்டுமா, பாயைச் சுருட்டினால் போதும். நீரே இழுத்துக்கொண்டு போகும். ஒரே ஆறு, போகவும் வரவும் வழி. பழைய எகிப்திய எழுத்தில் இதற்கு ஒரு நயமான சான்று இருக்கிறது. தெற்கே பயணம் என்று எழுத, பாய் விரித்த படகை வரைவார்கள். வடக்கே பயணம் என்று எழுத, பாயில்லாத படகு. திசைக்குப் பதில் பாயை எழுதிவிட்டார்கள்! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போகும் ஊரில் பிறந்தவனுக்கு இது புரியாமல் போகுமா? உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்பதை வைத்து மாதம் சொல்கிறவர்கள் நாங்கள்.

ஆற்றின் நடுவே எலிஃபண்டைன் தீவு. யானைத் தீவு என்று சொல்லிக்கொள்ளலாம். நீரில் பாதி முங்கிய கரும்பாறைகள் முதுகு மட்டும் தெரியக் குளிக்கும் யானைக் கூட்டமாகத் தெரிகின்றன. பெயர் வந்தது அதனால்தான் என்பாரும் உண்டு, தந்த வியாபாரத்தால்தான் என்பாரும் உண்டு. பாறையைப் பார்த்த பிறகு எனக்கு முதல் கட்சியே பிடித்தது. அந்தத் தீவின் தெய்வம் க்னூம், செம்மறிக்கிடாய்த் தலை கொண்டவர். தொழில், மண்பாண்டம். ஆற்று வண்டலை எடுத்துச் சக்கரத்தில் வைத்து மனிதர்களை வனைகிறவர். வெள்ளம் கொண்டுவரும் வண்டல்தான் சோறு என்று அறிந்த ஜனங்கள், உடம்பும் அதே மண்ணால்தான் ஆனது என்று நினைத்ததில் என்ன வியப்பு.

அதே தீவில், சாதெட் அம்மன் கோவிலை ஒட்டி, ஒரு படிக்கட்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. பயண நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் அந்த இடத்தில் நான் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நைல்மானி: இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் 90 படிகள், சுவரில் முழக்கணக்குக் கோடுகள். ஒரு தலைமுறை பொறித்ததன் பக்கத்திலேயே அடுத்த ஆட்சி தன் எண்களையும் பொறித்திருக்கிறது. வெள்ளக் காலத்தில் நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் அந்த ஆண்டு விளைச்சல், அதை வைத்துத்தான் வரி. கெய்ரோப் பக்கத்து நிலவரத்தை ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்: 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றாலும் பசி, 14 வந்தால் முகத்தில் சிரிப்பு, 15 நிம்மதி, 16 கொண்டாட்டம். ஒரு நாட்டின் மனநிலையை முழக்கோலால் அளந்திருக்கிறார்கள்.

நான் சிரித்தது வேறு காரணத்துக்கு. எங்கள் அமராவதி அணை 1957இல் கட்டி முடிந்தது. அதன் முழு நீர்மட்டமும் 90 அடி. எட்டு ராஜவாய்க்கால் பாசனக்காரர்களும் காலையில் செய்தித்தாளை விரித்தால் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். "அணையில எத்தன அடிங்க?" என்பது எங்கள் பக்கத்தில் வணக்கத்துக்குச் சமானம். எண்பதைத் தாண்டினால் டீக்கடையில் குரல் உயரும். நாற்பதுக்குக் கீழே போனால் கல்யாணப் பேச்சுகூடத் தள்ளிப்போகும். அங்கே 90 படி, இங்கே 90 அடி. தற்செயல்தான். ஆனாலும் நீரையே பார்த்துக்கொண்டு வாழ்கிற இரண்டு ஊர்கள் ஒரே கோலை ஊன்றி நிற்பதுபோல இருந்தது.

ஊருக்குத் தெற்கே கருங்கல் குவாரி. அஸ்வான் கல் சிவப்போடிய கருங்கல். எகிப்தின் பெரிய கோவில்களுக்கு எல்லாம் இங்கிருந்துதான் படகில் போனது. அங்கே ஒரு தூண் இன்னும் பாறையை விட்டு எழாமல் படுத்துக் கிடக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்கு மேல். எழுந்து நின்றிருந்தால் எகிப்திலேயே பெரிய ஒற்றைக்கல் தூண். மூன்று பக்கம் செதுக்கி முடித்த பிறகு வெடிப்பு விட்டது; அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் ரசித்தது தூணின் பெருமையை அல்ல, அதன் பக்கவாட்டுப் பள்ளத்தை. இரும்பு உளி அறியாத காலம். கருங்கல்லைவிடக் கடினமான கல்லுருண்டைகளைக் கையில் பிடித்து, இடித்து இடித்தே பாறையைக் குழித்திருக்கிறார்கள். ஒரு மனிதன் குந்தி உட்காரும் அகலத்துக்கு ஒரு குழிவு, அடுத்த ஆளுக்கு அடுத்த குழிவு என்று வரிசையாகப் பள்ளங்கள். மேஸ்திரி வேலையளவு பார்த்துக் காவிக்கோடு போட்ட அடையாளமும் இருக்கிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பனியன் கம்பெனி ஊர்களிலிருந்து வந்தவனுக்கு அந்தக் காவிக்கோடு நன்றாகவே விளங்கியது. முடிந்த கோவிலில் அரசன் பெயர் தெரியும். முடியாத கல்லில்தான் கூலிக்காரனின் கை தெரிகிறது.

பிறகு ஃபைலே. ஐசிஸ் அம்மனின் தீவுக்கோவில். படகு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும், தூண் வரிசை நீரிலிருந்து முளைத்து வருவதுபோல எழுகிறது. ஆனால் இது அது பிறந்த தீவல்ல. 1902இல் முதல் அணை எழுந்தபோது கோவில் ஆண்டின் பெரும்பகுதி நீரில் நின்றது. வந்தவர்கள் தூண்களுக்கு நடுவே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். 1970இல் பெரிய அணை முடிந்தது. கோவிலைச் சுற்றித் தடுப்பணை கட்டி, நீரை இறைத்து, நாற்பதாயிரம் கல்லுக்குக் குறையாமல் எண் போட்டுப் பிரித்து, பக்கத்து அகில்கியா தீவில் மறுபடி அடுக்கி, 1980இல் திறந்தார்கள். எல்லாம் பழையபடியே வந்துவிட்டது, தூண்களில் இடுப்பளவுக்கு மேலே ஓடும் மங்கிய நீர்க்கறை உட்பட. சுத்தம் செய்தவர்கள் அதைத் துடைத்து எடுக்க முடியவில்லையோ, மனம் வரவில்லையோ. எனக்கு அந்தக் கறைதான் கோவிலின் கடைசிக் கல்வெட்டாகத் தெரிந்தது.

முறையான கடைசிக் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. ஹாட்ரியன் வாசலின் சுவரில், கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று, ஒரு பூசாரி பொறித்த சித்திர எழுத்து. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிய எழுத்தில் தேதி தெரிந்த கடைசி வரி அது. எழுத்தின் அமைப்பு தடுமாறுகிறது. பாட்டன் கையெழுத்தைப் பார்த்துப் பேரன் எழுதியதுபோல. ஆனாலும் அவர் அதில் என்றென்றைக்கும் என்று சொல்லியிருக்கிறார். நம் கோவில் கல்வெட்டுகள் சந்திராதித்தவரை என்று முடியுமே, அதே நம்பிக்கை. சூரியனும் சந்திரனும் அப்படியே இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்தான் பதினான்கு நூற்றாண்டுக்கு இல்லாமல் போனார்.

வடக்கே 45 கிலோமீட்டரில் கோம் ஓம்போ. இரட்டைக் கருவறை, ஒன்று பருந்துத் தலைத் தெய்வத்துக்கு, மற்றொன்று முதலைத் தெய்வமான சோபெக்குக்கு. பதப்படுத்திய முதலைகளை அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உடன் வந்தவர்கள் மிரண்டார்கள். அமராவதி நகர் முதலைப் பண்ணைக்குப் பள்ளிச் சுற்றுலா போய் வளர்ந்த எனக்கு, உறவினர் வீட்டுப் புகைப்படத்தைப் பார்த்ததுபோலத்தான் இருந்தது.

மாலையில் கடைத்தெரு. இரத்தச் சிவப்பில் ஒரு பானம் கொடுத்தார்கள், கர்கதே என்று பெயர். ஒரு வாய் வைத்ததும் நாக்கு ஊர் பேரைச் சொல்லிவிட்டது: புளிச்சகீரை! விசாரித்தால் ஒரே குடும்பத்துச் செடிதான். நாம் கீரையைக் கடைகிறோம், அவர்கள் பூவின் புல்லியைக் காயவைத்து ஊறவைக்கிறார்கள்.

இந்தச் சொந்தம் புதிதும் அல்ல. இங்கிருந்து கிழக்கே பாலைவனத்தைத் தாண்டினால் செங்கடல். அந்தக் கரையின் பழைய துறைமுகமான பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு இந்தியச் சாடியோடு கிடைத்திருக்கிறது. வடக்கே குசெய்ர் துறையில் கணன், சாதன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். நொய்யல் கரைக் கொடுமணலில் மணி அறுத்த கைகள் ஒரு முனையில் என்றால், ஒட்டகத்திலிருந்து சரக்கை இறக்கி நைல் படகில் ஏற்றிய கைகள் மறுமுனையில். திருப்பூர் நூலுக்கும் அங்கே ஒரு வேர் உண்டு. கோயம்புத்தூரில் 1974இல் உருவான சுவின் பருத்தியின் தாய்வழி, கர்னாக் என்ற எகிப்தியப் பருத்தியிலிருந்து வந்தது. கர்னாக், லக்சரில் இருக்கும் கோவிலின் பெயர். கோவிலைப் பார்க்காதவனும் அந்தப் பெயரைத் தோளில் போட்டுக்கொண்டு திரியலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை டீக்கடை. பெஞ்சில் இடம் விட்டுக்கொடுத்து எல்லாரும் விசாரித்தார்கள். முக்கோணப் பாயைச் சொன்னேன், படுத்த தூணைச் சொன்னேன், இடம் மாறிய கோவிலைச் சொன்னேன். 111 மீட்டர் உயரப் பெரிய அணையின்மேல் நின்று போட்டோ எடுத்ததையும் சொன்னேன். வாய்க்காலுக்குக் கீழே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த அணையில இப்ப எத்தன அடிங்க தண்ணி?"

எனக்குத் தெரியவில்லை. பெரிய அணை வந்த பிறகு அங்கே யாரும் அதைக் கேட்பதும் இல்லை. நைல்மானியின் படிகளில் சுற்றுலாக்காரர்கள் மட்டும்தான் இறங்குகிறார்கள். இதையெல்லாம் விளக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்பறம் என்னத்தத்தான் பாத்துட்டு வந்தீங்க?"