கியர்பெட்டியைக் காட்டிக்கொடுக்கும் எண்

தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் ஒன்றின் முகப்புப் பலகையில், எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. பழுதுபார்ப்பவர் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் செருகியில் சிறு கருவி ஒன்றைப் பொருத்துகிறார். திரையில் ‘பி 0700’ என்ற எண் தோன்றுகிறது. “கியர்பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார். இந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்கலாமா? பழைய கார்களில் கியர்பெட்டியை மாற்றும் செலவு காரின் விலையையே எட்டிவிடுவதுண்டு. ஆகவே அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்று சற்று ஆராய்வோம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1989 மாதிரிக் கார்களில் பொருத்திய ‘ஏ 604’ என்னும் நான்கு கியர் பெட்டி. தொடக்க ஆண்டுகளில் பழுதுகளுக்குப் பெயர்போனது அது. ஆயினும் தன் பழுதைத் தானே கண்டறியும் முறையில் அது கெட்டிக்காரப் பெட்டி என்றே சொல்ல வேண்டும்.

அதன் கணிப்பொறிக்குப் பெட்டியின் உள்ளே பார்க்கக் கண் இல்லை. அது எண்ணுவது சுற்றுகளை மட்டுமே. பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகத்தை ஓர் உணர்கருவியும், வெளியேறும் தண்டின் வேகத்தை மற்றோர் உணர்கருவியும் சொல்லிக்கொண்டே இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது கியர் விகிதம். இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு 2.84, இரண்டாவதற்கு 1.57, மூன்றாவதற்கு 1.00, நான்காவதற்கு 0.69. வெளித்தண்டு 1,000 சுற்றுச் சுற்றும் நேரத்தில் உள்தண்டு 1,570 சுற்றுச் சுற்றினால், இரண்டாம் கியர் நன்றாகப் பிடித்திருக்கிறது. கியர் மாறி முடிந்த பிறகும் 1,800 சுற்றுச் சுற்றினால்? விகிதம் 1.80. அப்படி ஒரு கியரே அந்தப் பெட்டியில் கிடையாது! ஒன்று, கிளட்சுத் தட்டுகள் வழுக்குகின்றன. அல்லது உணர்கருவிகளுள் ஒன்று பொய் சொல்கிறது.

எண்ணெயைத் தக்க கிளட்சுக்குத் திருப்பிவிடும் மின்காந்த வால்வுகளைச் சோதிக்கும் முறை இன்னும் அழகானது. கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினால், தன்தூண்டலால் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வால்வின் மின்னோட்டத்தை நொடிப் பொழுது துண்டித்துவிட்டு, அந்த எகிறல் வருகிறதா என்று கணிப்பொறி பார்க்கிறது. வராவிட்டால் சுருளோ கம்பியோ அறுந்திருக்கலாம்.

பழுது கடுமையானது என்று முடிவு செய்தால், வால்வுகளுக்குச் செல்லும் மின்சாரம் முழுவதையும் அது துண்டித்துவிடும். மின்சாரமே இல்லாவிட்டாலும், முன்னோக்கி ஓட்டும்போது இரண்டாம் கியர் மட்டும் தானாகவே பிடிக்கும்படி எண்ணெய் வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. நொண்டியபடியாவது கார் வீடு வந்து சேரும். ஆனால் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பினால், பழுது மறுபடி தலைகாட்டும் வரை எல்லாம் சரியாகிவிட்டது போலவே ஓடும்!

இங்கேதான் 1996ஆம் ஆண்டின் சட்டம் வருகிறது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் வகுத்த வழியில், அந்த ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ‘ஓ.பி.டி. 2’ என்னும் பொது முறை கட்டாயமாயிற்று. ஒரே செருகி, ஒரே எண் வரிசை. பழுதுபார்ப்போருக்கு இது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இச்சட்டத்தின் நோக்கம் புகையைக் கட்டுப்படுத்துவது. கியர்பெட்டியைக் காப்பாற்றுவது அன்று. அந்த வேறுபாடு ஒவ்வொரு விவரத்திலும் தெரிகிறது.

முதலில் அந்த பி 0700. ‘கியர்பெட்டிக் கணிப்பொறியில் ஏதோ பழுது பதிவாகியுள்ளது; அங்கே போய்ப் பாருங்கள்’ என்பதே அதன் பொருள். அஞ்சல் உறையின் மேல் எழுதிய முகவரி போன்றது. கடிதம் உள்ளே இருக்கிறது. முதல் கியர் விகிதம் தவறு என்பதற்கு பி 0731 என்றும், வெளித்தண்டு உணர்கருவியின் மின்சுற்றுக்கு பி 0720 என்றும் பொது வரிசையிலேயே எண்கள் உண்டு. ஆனால் பல கார்களில் இவற்றை வைத்திருப்பது கியர்பெட்டியின் கணிப்பொறி. மலிவான கருவிகள் பல எஞ்சின் கணிப்பொறியோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. உறையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

அடுத்தது பதிவு. பெரும்பாலான பழுதுகள் முதல் ஓட்டத்தில் ஐயமாகக் குறிக்கப்படுகின்றன. அடுத்த ஓட்டத்திலும் தோன்றினால்தான் விளக்கு எரியும். பழுது நேர்ந்த கணத்தின் எஞ்சின் சுற்று, வண்டி வேகம், சுமை, குளிர்நீரின் வெப்பம் முதலியவை உறைந்த படமாகச் சேமிக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டம் கேட்ட இந்தப் பட்டியலில் கியர்பெட்டி எண்ணெயின் வெப்பமும் இல்லை, இரு தண்டுகளின் வேகமும் இல்லை. மேலும், பின்னர் எஞ்சினில் எரிதல் தவறினாலோ எரிபொருள் முறை கெட்டாலோ, புகைக்கு அவையே முக்கியம் என்பதால், கியர்பெட்டியின் படம் அழிந்து அவற்றின் படம் அந்த இடத்தில் அமரும். தடயத்தைச் சேகரித்தவரே அதைத் துடைத்துவிடுவது என்ன நியாயம்? பழுதில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பின் விளக்கு அணைகிறது. எஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடானபின் எண்ணும் மறைகிறது. விட்டுவிட்டு வரும் வழுக்கலைத் தேடுகிறவருக்கு இது பெரிய இடையூறு.

வேண்டுமென்றே அழிப்பதும் எளிதாகவே இருந்தது. பழைய காரை விற்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 2010 மாதிரிகளிலிருந்து படிப்படியாக வந்த ‘நிலையான எண்’ இதற்குத் தக்க மறுமொழி. விளக்கை எரியச் செய்த பழுது அப்படிப் பதிந்தால் கருவியால் துடைக்க முடியாது. பழுது நீங்கியதைக் கணிப்பொறி தானே சோதித்து அறிந்த பிறகே அது மறையும்.

எண்ணெயைப் பற்றி மட்டும் இந்த எண்கள் நேரடியாக எதையும் சொல்வதில்லை. ஏ 604 பெட்டிக்கென்று தனி வகை எண்ணெய் உண்டு. பொதுவாகக் கிடைத்த டெக்ஸ்ரான் வகையை ஊற்றினால் கிளட்சு அதிரும். எண்ணெய் மாறியதைச் சொல்லும் உணர்கருவி அதில் இல்லை. கருகிய எண்ணெயின் நாற்றத்தை அறிய மனிதனின் மூக்குத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியில் இழுத்துப் பார்க்க ஓர் அளவுகோலாவது இருந்தது. இன்றைய பல கார்களின் கியர்பெட்டிகளில் அந்த அளவுகோலையும் எடுத்துவிட்டார்கள்.