பட்டா இல்லாத பந்தயத்தடம்

லாஸ் ஏஞ்சலஸ் நகர நிர்வாகத்தின் படிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கோரிக்கையோடு ஏறி இறங்கியவர் வில்லி ராபின்சன். ஆறடி ஆறு அங்குல உயரம், பளு தூக்கித் திரண்ட தோள்கள், தலையில் ஒரு தொப்பி. ஊரே அவரை ‘பிக் வில்லி’ என்றுதான் அழைத்தது. அவர் கேட்டது விளையாட்டரங்கம்கூட இல்லை. நேராக ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தார்ச்சாலை, அதில் கார்களை இரண்டிரண்டாக ஓடவிட அனுமதி, அவ்வளவுதான். டிராக் ரேஸ் உலகத்தில் ஓட்டிய வேகத்துக்காகப் பெயர் வாங்கியவர்கள் நிறையப் பேர். நிலம் கேட்டே பெயர் வாங்கியவர் இவர்.

1965 ஆகஸ்டில் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கருப்பர் பகுதிகளில் போலீஸ் காரைக் கண்டாலே முகம் திருப்பும் நிலை. ஆனால் இரவு நேரத் தெருப் பந்தயங்களில் மட்டும் கருப்பர், வெள்ளையர், மெக்சிகர் எல்லோரும் ஒரே ஓரத்தில் நின்று ஒரே காருக்குக் கைதட்டினார்கள். ராபின்சன் இதைக் கவனித்தார், போலீஸும் கவனித்தது. தெருப் பந்தயக்காரர்களுக்கென்று ஒரு ‘சகோதரத்துவ’ அமைப்பை அவர் தொடங்கினார். சண்டை போடுகிறவனுக்கு அங்கே இடமில்லை. சட்டப்படி குற்றமான ஒரு காரியத்துக்குப் போலீஸே மறைமுகமாகத் துணை நின்ற விசித்திரம் அப்போது நடந்தது.

தெரு என்றைக்கும் தெருதான், ஒருநாள் யாராவது சாவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முன்னாள் போலீஸ்காரரும் நகரின் முதல் கருப்பின மேயருமான டாம் பிராட்லியின் ஆதரவு கிடைக்க, 1974-ல் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் ‘பிரதர்ஹுட் ரேஸ்வே பார்க்’ திறக்கப்பட்டது. நிலம் துறைமுகத்துடையது. இந்த விவரத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அதற்கு முன், இந்த ஆட்டத்துக்கு ஏன் ஊர் திரள்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். டிராக் ரேஸ் என்றதும் நம் கண்ணில் படுவது மூக்கு நீண்ட ராட்சத வண்டிகள்: நைட்ரோமீத்தேன் குடித்து, 11,000 குதிரைத்திறனை உமிழ்ந்து, மணிக்கு 530 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறவை. அவை ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் சர்க்கஸ். ஒரு உள்ளூர்த் தடத்தின் வயிற்றுப்பாடு அவற்றால் நடப்பதில்லை. வாராவாரம் தன் சொந்த வண்டியில் வந்து, வரிசையில் நின்று, நுழைவுக்கட்டணம் கட்டி ஓட்டுகிற மெக்கானிக்காலும் கல்லூரி மாணவனாலும் நடக்கிறது.

அவர்களை இழுத்து வைத்திருப்பது ‘பிராக்கெட்’ முறை. கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தைத் தன் வண்டி எத்தனை நொடியில் கடக்கும் என்று ஓட்டுநரே முன்கூட்டி எழுதித் தரவேண்டும். ஒருவர் 15 நொடி என்கிறார், எதிரே நிற்பவர் 11 நொடி என்கிறார் என்றால், முதலாமவருக்கு 4 நொடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். முதலில் கோட்டைத் தொடுபவர் வென்றார். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆகவே பொய் சொல்லிச் சலுகை வாங்க வழியில்லை. அப்பாவின் பழைய காரில் வந்த பையன், லட்சக்கணக்கில் செலவழித்தவனைத் தோற்கடிக்கலாம். தோற்கடிக்கிறான்.

இதில் என்ன திறமை என்று கேட்பவர்கள் விளக்குக் கம்பத்தைப் பார்க்கவேண்டும். 1963 முதல் கொடியசைப்பவருக்குப் பதிலாக நிற்கும் அதை ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள். மஞ்சள் விளக்குகள் மூன்று அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டுக் காலை எடுப்பவன் ஏற்கெனவே தோற்றவன். கடைசி மஞ்சள் எரியும்போதே கிளம்ப வேண்டும். ஒரு இமைப்பொழுது அவசரப்பட்டால் சிவப்பு. மெதுவான வண்டியை வைத்துக்கொண்டு, கிளம்பிய நொடித்துளியில் மட்டும் வென்றவர்களின் பட்டியல் இந்த ஆட்டத்தில் மிக நீளம். 100 மீட்டர் ஓட்டத்தை ரசிக்கத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

ஊரைத் திரட்டும் கலையும் ராபின்சன் கண்டுபிடித்தது அல்ல. 1950 ஜூலையில் கலிபோர்னியாவின் சான்டா அனாவில், அதிகம் பயன்படாத ஒரு விமான ஓடுபாதையில், சி.ஜே. ஹார்ட் என்பவர் கூட்டாளிகளோடு 50 சென்ட் கட்டணத்தில் வாராந்திரப் பந்தயம் தொடங்கினார். மறு ஆண்டு ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் போட்டி 1953 ஏப்ரலில் பொமோனா நகரில், மாவட்டச் சந்தைத் திடலின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. அதற்கு முன்னின்றவர் அவ்வூர்ப் போலீஸ் தலைவர் ரால்ஃப் பார்க்கர். தெருவில் பிடித்து அபராதம் போட்டுக் களைத்த மனிதர், ‘இங்கே வந்து ஓட்டு’ என்று இடம் காட்டினார்.

பொமோனா போலீஸிலிருந்து வந்த பட் கூன்ஸ் 1954-ல் மூன்று பேரோடு ஒரு காரில் கிளம்பினார். பின்னால் ஒரு இழுவை வண்டி, அதற்குள் நேரமெடுக்கும் கருவிகளும் ஒலிபெருக்கியும். இந்த ‘சஃபாரி’ அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. ஓர் ஊருக்குப் போனால் போலீஸையும் ஊர்ப் பெரியவர்களையும் உள்ளூர் கார் கிளப் பையன்களையும் சேர்த்து உட்கார வைப்பது, பக்கத்தில் சும்மா கிடக்கும் ஓடுபாதையில் பந்தயத்தை முறையாக நடத்திக் காட்டுவது, அடுத்த ஊருக்குப் போவது. விளையாட்டு வரலாற்றில் இத்தனை குறைந்த செலவில் இவ்வளவு தூரம் பரவிய பிரசாரம் எனக்கு வேறு தெரியாது.

இன்னொரு பாணி லாஸ் ஏஞ்சலஸின் வில்மிங்டன் பகுதியில். அங்கே முன்னால் நின்றவர்கள் அரிமா சங்கத்தினர், நம்மூரில் கண் சிகிச்சை முகாம் நடத்துகிற அதே லயன்ஸ் கிளப்தான். சுற்றுவட்டார லயன்ஸ் சங்கங்கள் கூடி, 1955 அக்டோபரில் ‘லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்’பைத் திறந்தன. வருமானம் அறப்பணிக்கு. முதல் மேலாளர் மிக்கி தாம்ப்ஸன். கடல் மட்டத்துக் கனத்த காற்றில் எஞ்சின்கள் கூடுதல் வலுவோடு ஓடியதால் சாதனைகள் அங்கே குவிந்தன. 1970 மார்ச்சில் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் வண்டியில் கியர் பகுதி வெடித்து அவருடைய வலது பாதத்தின் பாதியைக் கொண்டுபோனதும் அங்கேதான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் யோசித்து, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் கட்டிய வண்டி, மறு ஆண்டே பொமோனாவில் வென்றது. இன்று அந்த மூக்கு நீண்ட மேல்தட்டு வண்டிகள் எல்லாம் அந்த அமைப்பில்தான்.

போலீஸ் ஆதரவு, சமூக சேவைச் சங்கம், நிறைந்த கூட்டம், வரலாற்றுப் பெருமை: லயன்ஸ் தடத்துக்கு எதுதான் குறை? இருந்தும் 1972 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு கடைசிப் பந்தயம் நடந்து கதவு மூடப்பட்டது. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, சத்தம் தாங்கவில்லை என்று புகார் மேல் புகார். ஒரு நைட்ரோ வண்டி கிளம்பும்போது எழும் ஓசை 150 டெசிபெல்லைத் தொடும். தூங்க முயலும் குழந்தையின் தாய்க்கு அது விளையாட்டு அல்ல, அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் புகார் மட்டும் ஒரு தடத்தை மூடிவிடாது. நிலம் துறைமுகத்துடையது. இடத்தின் சொந்தக்காரர் காப்பாற்ற நினைக்காதபோதுதான் புகார் ஜெயிக்கிறது.

சான்டா அனா தடமும் இரவல்தான், அது விமான நிலையத்தின் இடம். விமானங்கள் பெருகியதும் பந்தயம் வெளியேறியது. டெர்மினல் தீவும் அப்படித்தான். நடுவில் பலமுறை மூடினார்கள், ஒவ்வொரு முறையும் ராபின்சன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்த் திறக்க வைத்தார். 1995-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதே வட்டாரத்தின் இர்விண்டேலில், தெருவில் ஓட்டுகிற வண்டிகளுக்கென்றே வியாழன் இரவுகளில் எட்டில் ஒரு மைல் பந்தயம் நடந்துவந்தது. நிலம் கைமாறி, 2024 டிசம்பரோடு அதுவும் முடிந்தது.

இந்த இடத்தில் பந்தய நண்பர்களோடு நான் மாறுபடுகிறேன். தடம் கேட்டுக் கூட்டம் போடும்போதெல்லாம் அவர்கள் எடுக்கும் முதல் ஆயுதம், ‘இடம் தராவிட்டால் பையன்கள் தெருவில்தான் ஓட்டுவார்கள்’ என்பது. உண்மை கலந்த வாதம். பொமோனாவிலும் டெர்மினல் தீவிலும் கதவைத் திறந்தது அதுதான். ஆனால் கேட்பவர் காதில் அது பாதி மிரட்டலாகவே விழும். தடம் இருந்த காலத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் பந்தயம் அடியோடு நின்றுவிடவில்லை. அதை நிறுத்துவோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய அனுமதி, முதல் தெரு விபத்தன்றே ஆட்டம் காணும். கலவர பயத்தில் கொடுத்த இடத்தை, பயம் தெளிந்ததும் திரும்பக் கேட்பார்கள். கையெழுத்து இயக்கம், ஊர்வலம், மேயரோடு புகைப்படம் எல்லாம் ஒரு தேர்தல் காலம் வரை தாங்கும். துறைமுகம் ஐம்பது ஆண்டுக் கணக்கில் திட்டம் போடுகிறது.

பிழைத்த தடங்களைப் பாருங்கள். பொமோனா இன்றும் ஓடுகிறது. ‘வின்டர்நேஷனல்ஸ்’ என்ற பெரிய போட்டி 1961 முதல் அங்கே நடக்கிறது. அங்கேயும் சுற்றிலும் வீடுகள் உண்டு, சத்தம் உண்டு. வித்தியாசம், நிலம் சந்தைத் திடலுடையது. பந்தயம் வந்தால் சந்தைக்கு வாடகை. ஆக, தடத்தைக் காப்பாற்றுவதில் ஊருக்கே பங்கு இருக்கிறது.

கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் இன்னும் எளிமையான உதாரணம். இரண்டாம் உலகப்போரில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. 1955-ல் முதல் தேசியப் போட்டி அங்கே நடந்தது. மழை கெடுத்ததால் இறுதிச்சுற்றை நவம்பரில் ஃபீனிக்ஸுக்கு மாற்றினார்கள். பெரிய போட்டி அதோடு ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆனால் உள்ளூர் கிளப் போகவில்லை. அந்தத் தடத்தை இன்றும் அதுவே நடத்திவருகிறது. புல் வெட்டுவதிலிருந்து டிக்கெட் கிழிப்பது வரை உறுப்பினர்களே பார்த்துக்கொள்ளும் இத்தகைய தடங்களுக்குச் செலவும் குறைவு, எதிரிகளும் குறைவு.

நம் சென்னையின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் ஜனம் பஸ் பிடித்துப் போய்க் குவியும். ஆனால் அது இரவல் இடம். கிளப் அதோடு திருப்தியடையாமல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று 3.717 கிலோமீட்டர் தடம் கட்டி 1990-ல் திறந்தது. பிறகு பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது, வட்டாரம் முழுக்கத் தொழில்பேட்டையானது, நில மதிப்பு எங்கோ போனது. தடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் சாம்பியன்ஷிப் நடப்பதும் அங்கேதான். வளைவுகளுக்காகக் கட்டிய தடத்தின் நேர்ப்பகுதியில், கிடைத்த தூரத்தில்.

முழுக் கால் மைல், அதன்பின் வண்டி நிற்க அதைப்போல இரண்டு மடங்கு தூரம், இருபுறமும் தடுப்புச்சுவர், கிளம்புமிடத்தில் நல்ல கான்கிரீட். தனி டிராக் தடத்துக்கு வேண்டியது இவ்வளவே. ஃபார்முலா பந்தயத் தடத்தோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் முறுக்கிக்கொண்டு போகிற பையன்களைப் பார்க்கும்போது இங்கும் அந்தக் கோரிக்கை எழும், எழ வேண்டும். அப்படி எழுப்பப்போகிற கிளப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். அமைச்சரைப் பார்ப்பதற்கு முன் அந்த ஊராட்சிக்குப் போங்கள். சைலன்சர் விதியையும், இரவு எத்தனை மணிக்கு எஞ்சின் அணையும் என்பதையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். டிக்கெட்டில் ஊருக்கு இவ்வளவு என்று பேசி முடியுங்கள். நிலத்தை வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் முப்பது ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்த பிறகு முதல் லோடு ஜல்லியை இறக்குங்கள்.

பிக் வில்லி 2012 மே மாதம் மறைந்தார். டெர்மினல் தீவுத் தடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.