நாவல் எப்போது பழசாகிறது?

பழைய நாவல்களை இன்றைய மாணவர் கையில் கொடுப்பதிற் பயனில்லை என்று நம் ஆசிரியர் சிலர் கூறுகின்றனர். தந்தியும் கிராமபோனும் வரும் கதை அவர்களுக்கு ஒட்டாதாம். பொருள் மறைந்தால் கதையும் மறையும் என்னும் இக்கருத்து ஆராயத்தக்கது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகளைக் கூறுகிறார். நம்மில் யார் அவற்றைக் கண்டோம்? நச்சினார்க்கினியர் துணை கொண்டே அறிகிறோம். அதனாற் பாட்டை ஒதுக்கிவிட்டோமா? தினைப்புனம் காக்கச் சென்றவளுக்கு அங்கு நேர்ந்ததே பாட்டின் உயிர். அவளைப் புனத்தில் இருத்தி வைப்பது அந்தக் காவல் வேலை.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959-இல் கலைமகள் பரிசு பெற்ற நாவல். களம், பினாங்கு வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், கிட்டங்கி ஆகிய அத்தொழிற் சொற்களுக்கு இன்று ஆசிரியர்களுக்கே உரை வேண்டும். அக்காலத்து ஜப்பானிய வாழைமர நோட்டும் 1945-இல் வெறுந்தாளாயிற்று. ஆயினும், இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவுக்கு மரகதத்தைக் கொடுக்க அவள் தந்தை மறுக்குமிடம் சிறிதும் மங்கவில்லை. பட்டாளத்துக்குப் போனவன் இத்தொழிலுக்கு ஆகான் என்பது அவர் கணக்கு. அவர் கொடியவர் அல்லர், கடைக்காரர். வட்டிக்கடையை நீக்கிப் பாருங்கள், அந்த மறுப்புக்கே பொருளிராது.

விரைவிற் பழசாவது வேறொன்று. கதாநாயகன் புதுமைக்காரன் என்று காட்ட அவன் இடுப்பில் ஒரு பேஜரைச் செருகுவது. கதையை முடிக்கத் தெரியாமல் கடைசி அத்தியாயத்தில் ஒரு தந்தியை வரவழைப்பது. இந்தியாவில் தந்திச் சேவை 2013-இல் நின்றது. இத்தகைய தந்திகளோ, வந்த அன்றே செத்தவை! எழுத்தறியாத வீட்டில், படிக்க ஆள் தேடி அதைக் கையில் வைத்து நடுங்கும் தாயை எழுதியிருந்தால் அவள் இன்றும் நம்மை நடுங்க வைப்பாள்.

எங்கள் மலையிற் கொழுந்தைக் கையாற் கிள்ளிக் கூடையிலிட்ட வழக்கம் குறைந்து, இருவர் பிடித்து வெட்டும் பொறி வந்துவிட்டது. தோட்டக் கதைகளைப் பாடப்பட்டியலிலிருந்து எடுக்க இது காரணமாகாது. பதிப்பாளர் இறுதியில் அருஞ்சொற்பொருள் சேர்க்கட்டும். 'பெரட்டு' என்பது விடியலில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது என்று ஒரு வரி போதும். அதற்குப் பிந்தி, பிள்ளையை இடுப்பில் ஏந்தி ஓடிவருபவளுக்கு அன்று என்ன ஆகும் என்பதை மாணவனே கேட்பான்.