அன்னாளுக்குத் தரப்படாத சொல்

"ஆண்டவரோடு உனக்குத் தனிப்பட்ட உறவு இருக்கிறதா?" தமிழ்நாட்டுச் சபைகளில் வளர்ந்த பெண்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. கன்வென்ஷன் மேடையிலும் வாலிபர் முகாமிலும் உபவாசக் கூட்டத்திலும் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த கேள்விதான். நடுவில் ஆயர் வேண்டாம், அப்பா வேண்டாம், கணவன் வேண்டாம், நீயே நேராகப் போகலாம் என்று அது சொல்கிறது. அந்த மேடையிலிருந்து பெண்களுக்குக் கிடைத்த ஆகப் பெரிய சுதந்திரம் இது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த உறவை வைத்துக்கொண்டு பெண் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே மேடை சேர்த்தே சொல்லிவிடுகிறது. கணவன் அடிக்கிறானா, முழங்காலில் நில். மாமியார் குத்திப் பேசுகிறாளா, அறைக்குள் போய் அழு. ஊழியக்காரரைப் பற்றி ஏதாவது தெரியவந்ததா, வெளியே சொல்லாதே, கர்த்தரிடம் சொல். 'தனிப்பட்ட' என்ற சொல் இங்கே சத்தமில்லாமல் 'அந்தரங்கமான' என்று மாறிவிடுகிறது. இதற்கு உதாரணமாக அடிக்கடி அழைத்து வரப்படுபவள் அன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை, பொறுத்திருந்தாள், பிள்ளையைப் பெற்றாள். 1 சாமுவேல் புத்தகத்தின் முதல் மூன்று அதிகாரங்கள் இதைத்தான் சொல்கின்றனவா என்பதே என் கேள்வி.

சொல்லிலிருந்து தொடங்கலாம். கடவுளை அறிவது என்பதற்கு எபிரேய வேதாகமம் பயன்படுத்தும் வினைச்சொல் 'யாதா'. ஒரு செய்தி தெரிவதற்கும், ஒருவரைப் பழகித் தெரிந்துகொள்வதற்கும், உடலால் சேர்வதற்கும் அதே சொல்தான். ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் ஆதாம் ஏவாளை அறிந்ததாக வருவது இந்த வினையால்தான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதை மாற்றவில்லை. பிரசங்கிகளுக்கு இது பிரியமான இடம். கணவன் மனைவியை அறிவதைப்போல அவ்வளவு நெருக்கமாகக் கடவுளை அறியலாம் என்பார்கள். நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரம்வரை அவர்கள் வருவதில்லை. கிபியா ஊரில் ஒரு லேவியனின் மறுமனையாட்டியை ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து விடியும்வரை சிதைக்கிறார்கள். அவர்கள் செய்ததையும் மூலமொழி 'யாதா' என்றே குறிக்கிறது. 1984-இல் ஃபிலிஸ் டிரிபிள் எழுதிய 'டெக்ஸ்ட்ஸ் ஆஃப் டெரர்' என்ற நூல் பெயரில்லாத அந்தப் பெண்ணின் கதையைப் பெண்ணிய வாசிப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தது. நெருக்கம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. யார் யாரை அறிகிறார்கள், அறிந்தபின் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வியோடு சீலோவுக்குப் போவோம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருடந்தோறும் பலியிடப் போகும் இடத்தில் வருடந்தோறும் அவமானம். ஒரு வருடம் சாப்பாடு முடிந்ததும் அன்னாள் எழுந்துபோய்த் தனியாக நிற்கிறாள். ஆண்பிள்ளை பிறந்தால் அவனைக் கடவுளுக்கே கொடுத்துவிடுவதாகப் பொருத்தனை செய்கிறாள். கணவனிடம் கேட்கவில்லை, ஆசாரியனிடமும் கேட்கவில்லை. மனைவியின் பொருத்தனையைக் கணவன் ரத்து செய்யலாம் என்று எண்ணாகமம் 30-ஆம் அதிகாரம் சட்டம் சொல்லும் ஒரு சமூகத்தில் இது நடக்கிறது. அவள் கடவுளை அழைக்கும் பெயரும் கவனிக்க வேண்டியது: சேனைகளின் கர்த்தர். வேதாகமத்தில் இந்தப் பெயரால் கடவுளைக் கூப்பிட்டுப் பேசும் முதல் ஆள், மலடி என்று ஏளனம் செய்யப்பட்ட இவள்தான்.

வாசல் நிலையருகே ஏலி உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்து, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, அதட்டுகிறான். மேடையில் சொல்லப்படாத பகுதி இதற்கு அடுத்தது. அன்னாள் தலைகுனிந்து போய்விடவில்லை. நான் குடிக்கவில்லை, மனதைக் கொட்டிக்கொண்டிருந்தேன், என்னைக் கேடுகெட்டவளாக எண்ணாதீர் என்று பிரதான ஆசாரியனின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மரியாதை குறையாத வார்த்தைகள்தான், ஆனாலும் அது மறுப்பு. ஏலி பின்வாங்கி ஆசீர்வதிக்கிறான், அவள் கேட்டது என்ன என்று தெரிந்துகொள்ளாமலேயே. தல்மூதில் யூத ரபிகள் அவளுடைய பதிலை இன்னும் காரமாக்கினார்கள்: இந்த விஷயத்தில் நீ எனக்கு எஜமான் இல்லை, பரிசுத்த ஆவி உன்மேல் தங்கவும் இல்லை என்ற பொருளில் அவளைப் பேசவைத்தார்கள். உதடு அசைய, குரல் உயராமல் ஜெபிக்கும் விதியையும் அவளிடமிருந்தே எடுத்தார்கள். அதே மரபு கூட்டு ஜெபத்துக்குத் தேவையான 10 பேரில் பெண்ணை எண்ணாமல் விட்டது என்பது வேறு கதை. ஆனால் நமக்கு மிகவும் பழக்கமான கதை.

இப்போது 'யாதா' இந்த மூன்று அதிகாரங்களில் யார் யாருக்குத் தரப்படுகிறது என்று பாருங்கள். ஊர் திரும்பியபின் எல்க்கானா அன்னாளை அறிகிறான். இங்கே அவள் செயப்படுபொருள். ஏலியின் மகன்களான ஓப்னியும் பினெகாசும் கர்த்தரை அறியாதவர்கள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் வேதம் தெரியாதவர்கள் இல்லை, பதவியில் இருக்கும் ஆசாரியர்கள். பலி இறைச்சியை வலுக்கட்டாயமாகப் பிடுங்குகிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் சேவை செய்யும் பெண்களோடு படுக்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் தீர்ப்பு வரும்போது ஏலியின் குற்றமும் அதே வினையால் சொல்லப்படுகிறது: மகன்களின் அக்கிரமத்தை அவன் அறிந்திருந்தான், தடுக்கவில்லை.

மகன்கள் கடவுளை அறியவில்லை, தகப்பன் குற்றத்தை அறிந்திருந்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கடவுளை அறிவது மனதுக்குள் ஊறும் இனிமை என்று யாரும் சொல்ல முடியாது. ஏலி மோசமானவன் அல்ல. அன்னாளை ஆசீர்வதித்தான், சாமுவேலை வளர்த்தான், மகன்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் செய்தான். ஆனால் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. பெண்ணின் வாயைக் கூர்ந்து கவனித்துத் தவறாகத் தீர்ப்பிட்டவன், தன் வீட்டு ஆண்கள் செய்ததைச் சரியாகவே தெரிந்துகொண்டு விட்டுவைத்தான். எரேமியா 22-ஆம் அதிகாரம் இதை வேறொரு வாசலில் நின்று சொல்கிறது. கூலி கொடுக்காமல் கேதுரு மரத்தில் மாளிகை கட்டிக்கொள்ளும் யோயாக்கீம் ராஜாவிடம், உன் தகப்பன் யோசியா ஏழை எளியவரின் வழக்கை விசாரித்தானே, என்னை அறிவது என்றால் அதுதானே என்று கடவுள் கேட்கிறார். அறிவுக்கு அங்கே கொடுக்கப்படும் விளக்கம் முழுவதும் அடுத்தவரின் நியாயம்தான்.

இந்தப் பிரதியை நான் காப்பாற்ற முயலவில்லை. அன்னாளின் மதிப்பு கடைசியில் ஒரு மகனால்தான் நிலைநாட்டப்படுகிறது. அவள் பெற்ற பிள்ளையை ஒப்படைப்பது அதே ஏலியின் வீட்டில்தான். வருடத்துக்கு ஒரு முறை சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வந்தவள், இரண்டாம் அதிகாரத்திலேயே கதையிலிருந்து காணாமல் போகிறாள். வாசலில் சேவை செய்த பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. ஏலியின் வீட்டுக்கு எதிராகத் தேவமனிதன் ஒருவன் வாசிக்கும் குற்றச்சாட்டில் பலியும் கொழுப்பும் உண்டு, அந்தப் பெண்கள் இல்லை. கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருள் ஒன்றிலும், கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியமான பழைய பிரதி ஒன்றிலும் அவர்களைப் பற்றிய வரியே கிடையாது. யாரோ பின்னால் சேர்த்திருக்கலாம், யாரோ எடுத்திருக்கலாம். எப்படியானாலும் அந்தப் பெண்கள் பதிவில் இருக்க வேண்டுமா என்பதை எழுதுகோல் வைத்திருந்த ஒருவர் தீர்மானித்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று அதிகாரங்களில் கடவுளோடு நேராகப் பேசித் தொடங்கியவள் அன்னாள். ஆனால் அவள் 'அறிந்தாள்' என்று பிரதி ஒரு இடத்திலும் எழுதவில்லை. அந்த வினை கணவனுக்கும், மறுப்பு வடிவில் ஆசாரியர்களுக்கும், ஏலிக்கும், சிறுவன் சாமுவேலுக்கும் போகிறது. அவளுக்குக் கிடைத்தது ஒரு பாட்டு. உதடு மட்டும் அசைந்தது என்ற குறிப்பு அதில் இல்லை. பராக்கிரமசாலிகளின் வில் முறிவதையும், பசித்தவர்கள் நிறைவதையும், எளியவன் புழுதியிலிருந்து எழும்புவதையும் அவள் பாடுகிறாள். கடவுள் எல்லாவற்றையும் அறிந்தவர், செயல்களை நிறுத்துப் பார்ப்பவர் என்கிறாள். அடுத்த பத்தியிலேயே ஏலியின் மகன்கள் வருகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் முழங்காலில் நின்று பெற்ற பலத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பல பேரை உயிரோடு வைத்திருந்தது அதுதான். என் எதிர்ப்பு, அந்த அறைக்கு வெளியிலிருந்து போடப்படும் பூட்டின்மேல். ஊழியக்காரர்மேல் புகார் சொல்ல ஒரு பெண் வாய் திறந்தால், அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வசனத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த வசனம் 105-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. சொற்பப் பேராக, ஊர் ஊராக அலைந்த பரதேசிகளைத் தொடக்கூடாது என்று ராஜாக்களைக் கடிந்துகொள்ளும் வசனம் அது. பலவீனருக்குக் கொடுக்கப்பட்ட காவலைப் பிடுங்கிப் பதவிக்காரருக்குக் கவசமாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே, ஆண்டவரோடு தனிப்பட்ட உறவு இருக்கிறதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பதில் சொல்கிறோம். ஆனால் மேடையில் நிற்பவர்களும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: வாசலில் சேவை செய்யும் பெண்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்த பிறகு யாரைப் பதவியிலிருந்து இறக்கினீர்கள்?