கனிமரச் சட்டத்தை வைத்து இறைச்சியைத் தடுக்க முடியுமா?

இறைச்சியைக் கைவிடச் சொல்லும் யூத எழுத்துகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1982-ல் வெளியிட்ட 'ஜூடாயிசம் அண்ட் வெஜிடேரியனிசம்' நூலிலும் அது உண்டு. சுருக்கமாக: 'பால் தஷ்ஹித்', அதாவது 'வீணாக அழிக்காதே' என்பது யூதச் சட்டம். மாட்டுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் போட்டு, அதில் சிறு பங்கை மட்டும் இறைச்சியாகத் திரும்பப் பெறுவது வீணடிப்பு. ஆகவே இறைச்சி வேண்டாம்.

நான் சைவம். கேட்டதும் தலையாட்டத்தான் தோணுது. ஆனா நமக்குப் பிடிச்ச முடிவுக்குக் கொண்டுபோற வாதத்தைத்தான் ரெண்டு தடவை சோதிக்கணும்.

மூலத்துக்குப் போவோம். உபாகமம் 20:19, ஒரு நகரத்தை முற்றுகையிடும் படை அங்குள்ள கனிமரங்களை வெட்டக் கூடாது என்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, உணவைப் பாழாக்குவது எல்லாவற்றையும் இந்தத் தடைக்குள் கொண்டுவருகிறார். ஆனால் மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்றால் கனிமரத்தையே வெட்டலாம் என்பவரும் அவரே! தடை பயன்பாட்டுக்கு இல்லை, நாசத்துக்குத்தான். சாப்பிடுவது பயன்பாடுதானே?

இதைவிடச் சுவாரசியமானது ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில், ஷப்பாத் பகுதியின் 140-ஆம் ஏட்டில் இருக்கு. பார்லி ரொட்டி சாப்பிட முடிகிறவன் கோதுமை ரொட்டி சாப்பிட்டால் இந்தச் சட்டத்தை மீறுகிறான் என்கிறார் ரவ் ஹிஸ்தா. எளிய உணவு போதும் என்றால் செலவு கூடியது எதற்கு? இன்றைய சூழலியல் வாதத்தின் அதே அச்சு. ஆனால் தல்மூத் அதை ஏற்கவில்லை. உடம்பைப் பாழாக்காமல் இருப்பதுதான் முதலில் என்று முடிக்கிறது.

அப்போ வாதம் தோத்துப்போச்சா? இல்லைன்னு நினைக்கிறேன். எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்று பாருங்க: உடல்நலம். தாவர உணவு மட்டுமே உடம்புக்குப் போதும்னு காட்டிவிட்டால் அந்த விதிவிலக்குக்கு வேலை இல்லை. ஹிஸ்தாவின் கேள்வி மறுபடி உயிர்பெறும்.

ஆக, வசனத்தால் மட்டும் இந்த வழக்கை ஜெயிக்க முடியாது. ஊட்டச்சத்து, நிலம், தண்ணீர்க் கணக்கைப் போட்டே ஆகணும். கணக்கைத் தவிர்த்துவிட்டு கனிமரத்தை மட்டும் காட்டினால், எதிரில் இருப்பவர் 140-ஆம் ஏட்டைத் திறந்து வைப்பார்.