நைஸ்: ஒரு சொல்லின் பூர்வீகம்

ஆங்கில வாத்தியார்களுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டென்றால் அது 'நைஸ்'. கட்டுரை நோட்டில் கண்டாலே சிவப்பு மையில் சுழித்து, வேறு சொல் போடு என்பார்கள். சாப்பாடும் நைஸ், சினிமாவும் நைஸ், சித்தப்பா பையனும் நைஸ் என்று எழுதி வைத்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம். அதன் பூர்வீகம் அப்படிப்பட்டது.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். 'ஸ்கிரே' என்பது அறிதல். முன்னால் ஒட்டிய 'நெ' அதை மறுக்கிறது. சயின்ஸ் பிறந்ததும் இதே ஸ்கிரே வீட்டில்தான். ஆக, நைஸும் சயின்ஸும் பங்காளிகள்! பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு முட்டாள் என்று பொருள். கவிஞர் சாசர் காலத்தில் ஒருவரை நைஸ் என்றால் அது வசவு.

அதற்கப்புறம்தான் கூத்து. முட்டாள் கூச்சக்காரனானான், கூச்சக்காரன் எதிலும் நொட்டை சொல்கிற பிகுக்காரனானான், பிகுக்காரன் நுணுக்கம் பார்ப்பவனானான். நடுவில் ஒழுக்கம் கெட்டவர்களையும் அந்தச் சொல் குறித்தது. 'ரோமியோ ஜூலியட்'டில், சண்டைக்குக் காரணம் எவ்வளவு அற்பம் என்று சொல்ல ஷேக்ஸ்பியர் எடுப்பதும் இதைத்தான். 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகள் பலவற்றில் எந்தப் பொருளில் நிற்கிறது என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபர்டு அகராதியே கைவிரித்துவிட்டது. இனிமையான, நல்ல என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் ஊன்றியது.

புதுப்பொருள் வந்தும் பழையவை உடனே போய்விடவில்லை. 1815இல் வாட்டர்லூவில் ஜெயித்த மறுநாள், பிரஸ்ஸல்ஸில் அரசியல்வாதி தாமஸ் க்ரீவியிடம் தளபதி வெலிங்டன் அந்தப் போரை நைஸ் என்றார். பிணக்களத்தை மெச்சினார் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய நுணுக்கப் பொருளில், மயிரிழையில் தப்பினோம் என்கிறார் மனிதர்.

இந்தப் பொருள்களை மோதவிட்டு விளையாடியதில் ஜேன் ஆஸ்டினுக்கு நிகர் யாருமில்லை. அவர் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்த நாவல் 'நார்தாங்கர் அபே'. அதில் மூவர் பாத் நகரை ஒட்டிய குன்றுக்கு உலாவப் போகிறார்கள். பேய்க்கதைப் பித்துப் பிடித்த காதரின், தான் படிக்கும் 'உடால்ஃபோ' உலகத்திலேயே நைஸான புத்தகம் இல்லையா என்கிறாள். ஹென்றி டில்னி, நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே சொல்கிறாய், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். விட்டானா? ஒரு காலத்தில் நயத்துக்கும் நாசூக்குக்கும் வைத்திருந்த சொல், இப்போது எதைப் புகழவும் இது ஒன்றே என்று பிரசங்கமும் செய்கிறான். அப்போது குறுக்கிடுகிறாள் அவன் சகோதரி எலினார்: அந்தச் சொல் பொருந்துவது உனக்குத்தான், அதுவும் புகழ்ச்சியாக அல்ல, உன்னிடம் நைஸ் இருக்கிற அளவுக்கு அறிவு இல்லை என்கிறாள். நொட்டை சொல்பவன் என்ற பழைய பொருளைத் தூக்கி அவன் தலையிலேயே போடுகிறாள். பிரசங்கம் முழுக்க ஹென்றியுடையது. ஜெயிப்பது இந்த ஒரு வீச்சு. ஆங்கில நாவலில் சொல்விளையாட்டு இதைவிடச் சுருக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை.

இன்றைய ஆங்கிலத்தில், நுட்பமான வேறுபாட்டைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பழைய கூர்மை எட்டிப் பார்க்கிறது. நம் வீடுகளில் அது தினசரிப் புழக்கம். மாவை நைஸாக அரை என்றால் நன்றாக அரை என்பதோடு முடிவதில்லை. விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. நைஸாக நழுவினான், நைஸாகப் பேசிக் கறந்துவிட்டான் என்பதில் வரும் சாமர்த்தியத்துக்கோ ஆங்கிலத்தில் இதே சொல் உதவாது.

சிவப்பு மை வாத்தியார்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை சுழிக்கும் முன் 'நார்தாங்கர் அபே'யின் 14ஆம் அத்தியாயத்தை வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.