யார் வீட்டுப் பிள்ளை?

‘தரணி’ என்று பெயர். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட சிசு மூளைத் தொகுப்பு. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி எடுத்த 5,132 படங்கள். உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

திருமங்கலம் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“வயித்துப் பிள்ளையோட மூளைம்மா. அஞ்சு மாசம் இருக்கும்.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரு வீட்டுப் பிள்ளை?”

எனக்கு முன்னால் அவருக்கு ஒன்று அஞ்சாம் மாசத்தில் தவறியது. அந்தக் கேள்வியோடுதான் இந்தத் தொகுப்பை மறுபடி வாசித்தேன்.

வரைபடமாக இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கூகுள் மேப்பில் ஊரிலிருந்து தெருவுக்கு இறங்குவதுபோல மூளையிலிருந்து செல்லுக்கு இறங்கலாம். அந்த மாதங்களில் நரம்பணுக்கள் மூளையின் உட்குழிகளை ஒட்டிப் பிறந்து வெளிப்புறம் நோக்கி நகர்கின்றன. அந்தப் பயணம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறவிக் கோளாறுகளைப் புரிந்துகொள்ள இது உதவும்.

சிக்கல் இதைச் சுற்றியுள்ள மொழியில். மையத்துக்குப் பணம் தந்தவர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன். என்விடியாவும் அதோடு கைகோத்திருக்கிறது. நான் படித்த செய்திகளில் இந்தப் பெயர்கள் இருந்தன, ‘உலகில் முதன்முறை’ இருந்தது. ஐந்து தாய்மார்களைப் பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை.

எங்கள் தாலுகா ஆபீஸில் புலப்படம் வாங்கினால் அதில் அளவு இருக்கும், கல் இருக்கும், ஆள் இருக்காது. ஆளைத் தெரிந்துகொள்ளப் பட்டாவைப் பார்க்க வேண்டும். தரணி பட்டா இல்லாத புலப்படம்.

பெயரைச் சொல்லக் கூடாதுதான். நான் கேட்பதும் பெயரை அல்ல. ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து ஒரு கன மில்லிமீட்டர் மூளையை வரைந்தார்கள்: 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள், 1.4 பெட்டாபைட். அது வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 45 வயதுப் பெண்ணின் திசு என்பது அந்தச் செய்தியோடு சேர்ந்தே வந்தது. அந்த ஒரு வரி போதும், பார்க்கிற கண் மாறிவிடுகிறது. ஒரு நோயாளி தெரிகிறார்.

நம் மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல் வகுப்பின் தொடக்கத்தில், உடல் தந்தவருக்கு மரியாதை செலுத்தி மாணவர்கள் உறுதிமொழி எடுக்கும் வழக்கம் உண்டு. பிரௌசரில் திறக்கிற என் போன்றவர்களுக்கு அப்படி ஒரு நிமிடம் கிடையாது. நேராக ஜூம் செய்கிறோம். கோட் எழுதுகிறவனுக்கு இது எல்லாமே ‘டேட்டா’. ஒப்புதல், நெறிமுறைக் குழு எல்லாம் ஆய்வுக்கட்டுரையின் சொற்கள். அவை சட்டத்துக்குப் போதும், வாசகனுக்குப் போதாது.

முதல் திரையில் இரண்டு வரி எழுதலாம்: இவை பிறக்காமல் போன ஐந்து பிள்ளைகளின் மூளைகள், இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்காக அவர்களின் வீட்டார் தந்தவை. தமிழிலும் எழுதலாம், தரணி நம் சொல்லும்தானே.

அம்மாவிடம் “தெரியலம்மா” என்றுதான் சொன்னேன். “கேட்டு வச்சுக்கப்பா” என்றார்.